அந்தப் பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடன்

ஈழப் போரின் கடைசிக் கட்டமான 2009 ஏப்ரல், மே மாதங்களில் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து உயிர் தப்பி வந்த சனம் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றது. ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: விடுதலைப் புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பெயரைப் பதிந்துவிட வேண்டும். பதியத் தயங்கிய பெண்பிள்ளைகளைத் தலைமுடி காட்டிக்கொடுத்தது. பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகள் தப்பியோடினால் அடையாளம் தெரிய வேண்டும் என்று புலிகள் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பயிற்சி முகாமில் சில வாரங்களே இருந்த சிறுமிக்கும் அந்தக் குட்டை முடி போதுமான சாட்சியாகிவிட்டது. ஒரு தரப்பு வைத்த அடையாளத்தைக் கொண்டே மறு தரப்பு அவளை வரிசையிலிருந்து பிரித்தது.

அன்று 15 வயதில் இருந்தவளுக்கு இன்று 30 தாண்டிவிட்டது. ஐ.நா. அறிக்கைகளில் அவள் ஓர் எண். கொழும்புக்கு முன்னாள் பயங்கரவாதி. மேடைகளில் பேசும்போது போராளி. அவளுக்குப் பத்தாம் வகுப்பை முடிக்கக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல மட்டும் ஆளில்லை. கட்டாயமாகப் போருக்குள் தள்ளப்பட்ட ஒரு பிள்ளைக்கு நாம் பட்ட கடன், துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிய அன்றோடு தீர்ந்துவிடாது. அவள் வளர்ந்து ஆளான பிறகும் அது நம் தலையில்தான் இருக்கிறது. ஈழப் போரைப் பொறுத்தவரை அந்தக் கடனில் இலங்கை அரசுக்கு மட்டுமல்ல, இந்தியாவுக்கும், தமிழ்நாட்டுக்கும், புலம்பெயர்ந்த தமிழருக்கும் பங்கு உண்டு.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1989-இல் நிறைவேறிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 39-வது பிரிவு, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளை உடலாலும் மனதாலும் தேறி, சமூகத்தில் மீண்டும் ஒருவராக வாழ வழிசெய்வது அரசின் கடமை என்கிறது. 2000-இல் வந்த அதன் துணை நெறிமுறை, அரசு அல்லாத ஆயுதக் குழுக்கள் எந்தச் சூழ்நிலையிலும் 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கவோ போரில் ஈடுபடுத்தவோ கூடாது என்று விதித்தது. ஏற்கெனவே சேர்க்கப்பட்ட பிள்ளைகளை மீட்டு வாழவைக்க மற்ற நாடுகளும் தொழில்நுட்பத்தாலும் பணத்தாலும் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. இலங்கை 2000-இலும் இந்தியா 2005-இலும் இதை ஏற்றுக்கொண்டன.

பழியைப் புலிகளின் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் கை கழுவ முடியாது. 1980-களில் தமிழ் இயக்கங்கள் பலவும் தமிழ்நாட்டில் பயிற்சி முகாம் நடத்தின. மீசை அரும்பாத பையன்கள் படகேறி வந்து இங்கே துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். நாம் அவர்களுக்குச் சோறு போட்டோம், பெருமைப்பட்டோம், வயதைக் கேட்கவில்லை. 1989-இல் இந்திய அமைதிப்படை இலங்கையிலிருந்து வெளியேறும் வேளை நெருங்கியபோது, அதன் நிழலில் இருந்த ஈ.பி.ஆர்.எல்.எப். முதலிய இயக்கங்கள் ‘தமிழ்த் தேசிய ராணுவம்’ என்ற ஒன்றைத் திரட்டின. சாலையில் போனவர்களையும் பேருந்தில் வந்தவர்களையும் இறக்கிப் பிடித்துப்போனார்கள். அவர்களில் பள்ளிப் பையன்களும் இருந்தார்கள். சீருடையையும் ஆயுதத்தையும் அவசரப் பயிற்சியையும் கொடுத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி இந்திய வீரரும் கப்பலேறிவிட்டார். விட்டுச்செல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பலரைப் புலிகள் கொன்றார்கள். இந்தியாவின் கண்ணெதிரே, இந்தியாவின் தயவில் நடந்த ஆள்பிடிப்பு அது. தமிழ்நாட்டில் இதைப் பேசுபவர்கள் மிகக் குறைவு. பேசினால் யாருடைய அரசியலுக்கும் அது உதவாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

புலிகள் செய்தது அளவிலும் முறையிலும் இதைவிடப் பெரியது. 1998 மே மாதம், ஆயுத மோதலில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்கு வந்தபோது, 17 வயதுக்குட்பட்டவரைச் சேர்ப்பதில்லை, 18 வயதுக்குட்பட்டவரைப் போர்முனைக்கு அனுப்புவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். வாக்கு காற்றில் போயிற்று. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. சண்டை நின்ற காலத்திலும் பிள்ளை பிடிப்பது நிற்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்றார்கள். கோயில் திருவிழாவுக்குப் போன பிள்ளை திரும்பவில்லை, பள்ளிக்குப் போன பிள்ளை திரும்பவில்லை. 2003-இல் யுனிசெப்புடன் சேர்ந்து ஒரு செயல்திட்டம் போட்டு, கிளிநொச்சியில் மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான இடைத்தங்கல் நிலையமும் திறந்தார்கள். ஒரு கையால் விடுவித்துக்கொண்டே மறு கையால் பிடித்தார்கள். 2003-இலிருந்து 2008 முடியும்வரை யுனிசெப் பதிவு செய்த சிறார் சேர்ப்புகள் மட்டும் 6,000-க்கும் மேல். பயத்தால் வாய் திறக்காத பெற்றோரின் பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை.

மட்டக்களப்பின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா அவர்களிடமிருந்து பிரிந்தார். ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரைச் சண்டையில் தோற்றதும் தன் படையைக் கலைத்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கிடைத்த வழியில் ஊர்களுக்கு நடந்து வந்தார்கள். படுவான்கரைப் பக்கத்து ஏழை வீடுகளில், இனி வராது என்று நினைத்த பிள்ளை வாசலில் வந்து நின்றது. சில வாரங்களுக்குள் புலிகள் அதே வீடுகளைத் தேடி வந்து, அதே பிள்ளைகளை மறுபடியும் கேட்டார்கள். 2006-இல் கருணா குழு அரசுப் படையின் பக்கம் சேர்ந்து இயங்கியபோது மூன்றாம் முறையாக ஆள்பிடிப்பு தொடங்கியது. பாதுகாப்புப் படையினரில் சிலருக்கு இதில் உடந்தை இருந்ததாக, ஒட்டுன்னுவுக்குப் பின் வந்த சிறப்புப் பிரதிநிதியின் தூதராக வந்த ஆலன் ராக் அந்த ஆண்டு நவம்பரிலேயே வெளிப்படையாகச் சொன்னார். தமிழ்ப் பிள்ளை என்பதற்காக ஒருவன் பிடித்தான், அவனிடமிருந்து வந்தவன் என்பதற்காக அடுத்தவன் பிடித்தான். அந்தத் தாய்மார் யாரிடம் போய் முறையிட்டிருக்க முடியும்?

போரின் கடைசி மாதங்களில் வன்னியில் நடந்ததை எழுதுவது கடினம். 14 வயதுப் பிள்ளைகளைக்கூடப் பிடித்துப்போனதாக ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் பதிவு செய்தது. பெற்றோர் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்தார்கள். கல்யாணமானவர்களைப் பிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பள்ளிச் சிறுமிகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். வலைஞர்மடம் மாதா கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த இளையவர்களையும் வந்து இழுத்துப்போனார்கள். மேலே அரசின் எறிகணைகள் விழுந்துகொண்டிருந்தன. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த நிலத்தில் மருத்துவமனைகள் தாக்கப்பட்டன. எறிகணைக்குப் பயந்து குழிக்குள்ளும் ஆள்பிடிப்புக்குப் பயந்து அதே குழிக்குள்ளும் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அரசின் கை சுத்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. பயிற்சி வகுப்புக்காகக் கூடியிருந்த உயர்தர வகுப்பு மாணவிகள் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே இருந்தவர்கள் புலிகளின் படைச் சிறார்கள் என்றது அரசு. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவோ யுனிசெப்போ அதற்கு ஆதாரம் எதையும் காணவில்லை. ஆயுதம் ஏந்தினால் வயது பார்க்க முடியாது என்ற தொனியில் அரசுத் தரப்பு பேசியது. அவர்கள் பயிற்சி பெற்றவர்களாகவே இருந்தாலும்தான் என்ன? பிடித்துவரப்பட்ட பிள்ளை என்றால், அது முதலில் மீட்கப்பட வேண்டிய பிள்ளை. ‘சிறுவர் போராளி’ என்ற பட்டம் இரக்கத்தைக் கோருவதற்காக உலகம் உண்டாக்கியது. வள்ளிபுனத்தில் அது கொல்வதற்கான அனுமதிச் சீட்டாகப் பயன்பட்டது.

இனி 594 என்ற எண்ணுக்கு வருகிறேன். போர் முடிந்ததும் சரணடைந்தவர்களில் 18 வயதுக்குட்பட்டவர்கள் என்று அரசு பிரித்தெடுத்தது அத்தனை பேரைத்தான். அம்பேபுச, பூந்தோட்டம் நிலையங்களிலும் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் அவர்களை வைத்துப் படிக்கச் செய்து, ஓராண்டுக்குள், 2010 மே மாதத்துக்குள், வீடுகளுக்கு அனுப்பியது. அதில் நல்லது இருந்தது. இரத்மலானையில் புத்தகத்தைத் திறந்த பிள்ளைகளில் சிலர் தேர்வு எழுதித் தேறினார்கள். அந்தப் பணியில் நின்ற ஆசிரியர்களையும் யுனிசெப் ஊழியர்களையும் நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு ஆண்டுகளில் பதிவானவர்கள் 6,000-க்கும் மேல், கடைசியில் பிள்ளைகள் என்று எண்ணப்பட்டவர்கள் 594. மற்றவர்கள் எங்கே? சிலர் விடுவிக்கப்பட்டார்கள், சிலர் தப்பினார்கள், பலர் செத்தார்கள். மீதமிருந்தவர்களுக்கு இயக்கத்தில் இருந்தபோதே 18 வயது பிறந்துவிட்டது. 2004-இல் 15 வயதில் பிடிபட்டவன் 2009-இல் 20 வயது இளைஞன். புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் வரிசையில் அவனும் போய் நின்றான். எந்த வயதில், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்பது அவனுடைய கோப்பில் ஒரு பொருட்டாக இல்லை.

கம்பிவேலிக்குள் அவனுக்குத் தச்சு வேலை, மேசன் வேலை, பெண் என்றால் தையல், சிங்களம். வெளியே வந்தபிறகு புலனாய்வுக்காரர்களின் விசாரிப்பு. யார் வந்து போகிறார்கள், எந்த எண்ணுக்குப் பேசுகிறாய், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் பேச அஞ்சினார். முதலாளி வேலை கொடுக்க அஞ்சினார். பெண்பிள்ளைக்கு வரன் வந்தால் முகாமில் என்ன நடந்ததோ என்று ஊர் பேசியது. வன்னியில் நிலையான மாதச் சம்பளம் என்று பலருக்குக் கிடைத்தது பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணை வேலைதான். 15 வயதில் ஒரு படையின் சீருடையை விருப்பமில்லாமல் அணிந்த பிள்ளை, 25 வயதில் பசிக்காக மறுபடியும் ஒரு பாதுகாப்புத் துறையின் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

இவர்கள் மனம் உடைந்தவர்கள், திருத்த முடியாதவர்கள் என்று சிலர் அனுதாபத்தோடு சொல்கிறார்கள். அது உண்மையில்லை. உகாண்டாவின் வடக்கில் ‘இறைவனின் எதிர்ப்புப் படை’ கடத்திப்போய்த் திரும்பிய இளைஞர்களை கிறிஸ்டோபர் பிளாட்மேன், ஜீனி ஆனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பை இழந்திருந்தார்கள். திறன் சார்ந்த வேலைக்குப் போகும் வாய்ப்பு பாதியாகியிருந்தது. வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடுமையான மனவேதனை, மிகக் கொடூரமானவற்றை அனுபவித்த ஒரு பகுதியினரிடம்தான் குவிந்திருந்தது. பெரும்பாலானோர் ஊரோடு ஒட்டி வாழ்ந்தார்கள், ஓட்டுப் போடுவதில் கடத்தப்படாதவர்களைவிட முன்னே நின்றார்கள். சியரா லியோனில் 2002-இலிருந்து இத்தகைய பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்த தெரசா பெட்டன்கோர்ட் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. குடும்பமும் ஊரும் ஏற்றுக்கொண்ட பிள்ளை தேறியது, முத்திரை குத்தி ஒதுக்கப்பட்ட பிள்ளை நலிந்தது. இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான்: இவர்களிடமிருந்து பறிபோனதில் பெரும்பகுதி பள்ளிக்கூடமும் கூலியும் அக்கம்பக்கத்தாரின் அன்பும். மூன்றையும் திருப்பித் தர முடியும்.

ஆனால் அவர்கள் கொலையும் செய்தார்களே என்ற கேள்வி வரும். நேர்மையான கேள்விதான், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்ட தாக்குதல்களில் உயிரிழந்தவர்களுக்கும் குடும்பம் உண்டு. சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்துக்கு 15 வயதைத் தாண்டியவர்களை விசாரிக்கச் சட்டப்படி அதிகாரம் இருந்தது. அதன் முதல் வழக்குத் தொடுநர் டேவிட் கிரேன், 18 வயதுக்குட்பட்ட எவர் மீதும் வழக்குத் தொடுக்கப்போவதில்லை என்று அறிவித்தார். பிள்ளைகளை ஏவியவர்களைத் தேடினார். உகாண்டாவின் டொமினிக் ஒங்வென் பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்ட சிறுவன், வளர்ந்து தளபதியானவன். பெரியவனாகச் செய்த குற்றங்களுக்காகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2021-இல் 61 குற்றச்சாட்டுகளில் அவனைக் குற்றவாளி என்று தீர்த்து 25 ஆண்டுச் சிறை விதித்தது. ஆயுள் தண்டனை கொடுக்காததற்குச் சிறுவயதில் அவன் கடத்தப்பட்டதை நீதிபதிகள் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். பிள்ளையாக இருந்தபோது செய்ததற்குப் பிள்ளை பொறுப்பல்ல, பெரியவனாகத் தானே ஆணையிட்டுச் செய்ததற்கு அவனே பொறுப்பு. ஆனால் அவன் கடத்தப்பட்ட நாளில் அவனைத் தேடிப் போகாத அரசும் உலகமும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

இலங்கையில் அந்த அளவு நீதிகூட நடக்கவில்லை. ஆயுத மோதலில் ஈடுபடுத்தப் பிள்ளைகளைச் சேர்ப்பது குற்றம் என்று 2006-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்கீழ் எந்தத் தளபதியும் தண்டிக்கப்படவில்லை. புலிகளின் தலைவர்கள் இறந்துபோனார்கள். கிழக்கில் பிள்ளை பிடித்ததாக ஐ.நா. அறிக்கைகள் குற்றம் சாட்டிய குழுவின் கருணா நாடாளுமன்றத்துக்குப் போய் அமைச்சரும் ஆனார். 2025 மார்ச்சில் அவர் மீது தடை விதித்தது பிரிட்டன்.

நம் பக்கத்து வாதம் ஒன்று உண்டு. அவர்கள் விரும்பியே போனார்கள், இன விடுதலைப் போரில் வயது பார்க்க முடியுமா என்பது. விரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். அண்ணனை ராணுவம் கொன்றதைக் கண்ட தம்பி போனான், வீட்டில் சோறில்லாத பிள்ளை போனது. சிங்களப் பேரினவாதம் அவர்களுக்குக் காட்டிய வாழ்க்கை அப்படி இருந்தது. ஆனால் 14 வயதுப் பிள்ளை ஆத்திரத்தில் வந்து கேட்டால், ‘போய்ப் படி, வளர்ந்தபின் வா’ என்று திருப்பி அனுப்புவது பெரியவர்களின் வேலை. பிடித்துப்போனதை இந்த வாதத்தால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. புலிகளின் மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி, இறப்பதற்கு முன் எழுதிவைத்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலில் கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றிப் பேசினார். அவரைத் துரோகி என்று ஏசியவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்த முகாம்களுக்குப் போனார்கள்?

2013-இல் புலிகளின் தலைவருடைய மகன், 12 வயதுப் பாலச்சந்திரனின் படங்கள் வெளியானபோது தமிழ்நாடு கொதித்தது. கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வகுப்புகளைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பிடிபட்ட சிறுவனைக் கொன்றவர்களை வரலாறு மன்னிக்கக் கூடாது. அவனைவிட ஒன்றிரண்டு வயதே மூத்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள், கூலிக்காரரின் பிள்ளைகள், மீனவரின் பிள்ளைகள், பெயரும் படமும் இல்லாமல் முன்னரங்கில் செத்தார்கள். அவர்களுக்காக நாம் ஒரு நாளும் வீதிக்கு வந்ததில்லை.

2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சிச் சாலையோரத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் படங்களைப் பிடித்தபடி போராடுகிறார்கள். அந்தப் படங்களில் பள்ளிச் சீருடையில் இருப்பவர்களைக் கவனியுங்கள். புலிகள் பிடித்துப்போய், பின் ராணுவத்திடம் சரணடைந்து, அதற்குப் பின் காணாமல் போனவர்கள் அவர்களில் உண்டு. அவர்களைப் பெற்ற தாய் இரண்டு தரப்பையும் கேட்கிறாள். நம் மேடைகள் அவள் கேள்வியில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. மாவீரர் நாளான நவம்பர் 27 அன்று விளக்கேற்ற அவளுக்கு முழு உரிமை உண்டு. அவள் பிள்ளை அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் அதே நாளில் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

செய்ய வேண்டியவை எட்டாத தூரத்தில் இல்லை. இலங்கையில் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இழப்பீட்டு அலுவலகம், சிறுவயதில் படைக்குப் பிடிக்கப்பட்டவர்களை, இன்று என்ன வயதாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்க வேண்டும். புலனாய்வு விசாரிப்பு நிற்க வேண்டும். உடம்பில் இன்னமும் எறிகணைச் சிதறல்களோடு கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அறுவைச் சிகிச்சையும், கால் இழந்தவர்களுக்கு நல்ல செயற்கைக் காலும் தர இந்திய அரசால் ஒரே ஆண்டில் முடியும். 1989-இல் நடந்ததற்கு இந்தியா தரும் மிகச் சிறிய வட்டி அது. தப்பித் தமிழ்நாட்டுக்கு வந்து மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களில் சிறுவயதில் இயக்கத்தில் இருந்தவர் என்று தெரியவந்தால், காவல்துறை கியூ பிரிவின் சந்தேகப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் அவருக்கு ஒரு மனநல ஆலோசகரையும் ஒரு தொழிற்பயிற்சி இடத்தையும் காட்டுங்கள்.

புலம்பெயர்ந்த சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். போர்க்காலத்தில் நீங்கள் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி அந்தப் பிள்ளைகளின் கையில் ஆயுதமாகப் போனது. இன்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் கல்விக்காக மனமுவந்து அனுப்புகிறீர்கள், அதற்கு நன்றி. உங்கள் உதவித்தொகைப் படிவங்களை எடுத்துப் பாருங்கள். விண்ணப்பிக்க உச்ச வயது என்று ஒரு வரி இருந்தால், சாதாரணதரத் தேர்வை 34 வயதில் எழுத விரும்புகிறவர் அதோடு நின்றுவிடுவார். அந்த வயதுகளை அவர் வீணாக்கவில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த வரியை இந்த ஆண்டே நீக்கிவிடுங்கள்.